கோளாறு பொறியில், பழி ஓட்டுபவன் தலையில்!

நெடுஞ்சாலையிலே மணிக்கு 60 மைல் வேகத்தில் ஒரு வண்டி ஓடிக்கொண்டிருக்கின்றது. ஓட்டுபவன் பிறேக்கை மிதிக்கவில்லை. கியர்த் தடியைத் தொடவுமில்லை. இருந்தும், கண்ணுக்குத் தெரியாத ஒருவன் உள்ளேயிருந்து பிடித்து இழுத்தாற்போல, வண்டி சடாரென்று முதலாம் கியருக்கு விழுகின்றது. பின்சில்லுகள் இறுகுகின்றன, வண்டி வழுக்குகின்றது. பின்னால் வருகின்ற லொறிக்காரனுக்கோ ஒரு சிவப்பு வெளிச்சங்கூடத் தெரியவில்லை. பிறேக்கை எவரும் மிதிக்கவில்லையே, வெளிச்சம் எப்படி எரியும்?

இது கற்பனையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ஃபோர்ட் கம்பெனி செய்து விற்ற எஃப் 150 என்னும் வண்டிகளில் இருந்த கோளாறு இது. இப்படியொரு கோளாறு இருப்பதாக அக்கம்பெனியே அமெரிக்க அரசாங்கத்திடம் எழுத்திலே ஒப்புக்கொண்டிருக்கின்றது. அதுவும் ஒருமுறையன்று, மூன்று முறை!

அமெரிக்கக்காரன் வண்டி எந்தக் கியரில் விழுந்தால் நமக்கென்ன என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். அன்பர்களே, சற்றுப் பொறுத்திருங்கள். கப்பலேறி நம் துறைமுகத்தில் வந்து இறங்கி, நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்கின்ற வண்டிகளின் கதையும் இதற்குள்ளேதான் இருக்கின்றது. அதற்கு வருமுன், கோளாறு எத்தகையது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காத பொருளிலேதான் நம்மை எளிதாக ஏமாற்றுகின்றார்கள்.

லாண்ட்மாஸ்டர் பிடித்து வயல் உழுத கமக்காரருக்குக் கியர் என்றால் என்னவென்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சேற்றிலே எந்தக் கியர், றோட்டிலே எந்தக் கியர் என்பதை அவர் கை அறியும். ஓட்டம் எடுத்த பொறியைத் திடீரெனத் தாழ்ந்த கியருக்குத் தள்ளினால் என்ன நடக்கும் என்பதையும் அவர் அறிவார். ஆனால் இன்று ஓட்டோ கியர் வண்டியிலே அந்தக் கைக்கு வேலையில்லை. வண்டிக்குள் இருக்கின்ற கணினிப் பெட்டி ஒன்று கியரை மாற்றுகின்றது. எப்போது மாற்றுவது, எதற்கு மாற்றுவது என்று அப்பெட்டிக்கு எழுதி வைத்திருக்கும் கட்டளைக் கோவையே மென்பொருள் எனப்படுவது. பெட்டிக்குக் கண்ணில்லை, காதில்லை. சில்லுக்குப் போகின்ற தண்டு எத்தனை முறை சுழல்கின்றது என்று எண்ணிச் சொல்ல ஓர் உணரியை வைத்திருக்கின்றார்கள். அது சொல்வதே பெட்டிக்கு வேதவாக்கு.

எஃப் 150 வண்டியிலே நடந்தது இதுதான். அந்த உணரியின் செய்தி ஒரு கணம் அறுந்துபோகும். தண்டு சுழல்வதாகச் செய்தி வரவில்லை. ஆகவே வண்டி நின்றுவிட்டது என்று பெட்டி முடிவு கட்டும். நின்ற வண்டிக்கு உரியது முதலாம் கியர். ஆகவே முதலாம் கியரைப் போடு என்று கட்டளையிடும். 60 மைல் வேகத்தில் ஓடிய வண்டி கண்ணிமைக்கும் நேரத்தில் எப்படி நிற்கும், உணரிக்குத்தான் ஏதோ கேடு என்று ஒரு சிறுபிள்ளை கேட்கும் கேள்வியை அந்தப் பெட்டி கேட்கவில்லை. கேட்கும்படி அதற்கு எவரும் எழுதி வைக்கவில்லை. பொறிக்குப் புத்தியில்லை, ஆகவே பொறியை நாம் நோகப் போவதில்லை. எழுதியவனுக்குப் புத்தியில்லையா? எழுதியதைச் சோதித்துப் பார்த்து விற்பனைக்கு அனுப்பியவனுக்கு?

சரி, பிழை நேர்ந்துவிட்டது. மனிதர் செய்வதில் பிழை நேரும். பிழை தெரிந்த பின்னர் என்ன செய்தார்கள் என்பதே எமது வழக்கு.

2016 ஏப்ரலில் கம்பெனி முதலாவது மீளழைப்பை விடுத்தது. 2011, 2012 ஆம் ஆண்டு மாதிரி எஃப் 150 வண்டிகளும் வேறு சில வண்டிகளுமாக 2 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவை. கொண்டுவாருங்கள், மென்பொருளைத் திருத்தித் தருகின்றோம் என்றார்கள். அதோடு விஷயம் முடிந்ததென்று உலகம் நம்பிற்று. மூன்று ஆண்டுகள் சென்று 2019 பெப்ரவரியில் மறுபடியும் அறிவித்தார்கள்: 2011 முதல் 2013 வரையான மாதிரிகள், வட அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 14 இலட்சத்து 80 ஆயிரம் வண்டிகள். முதலில் 2 இலட்சம். பிறகு 15 இலட்சத்தை எட்டிப்பிடிக்கும் தொகை! இன்னும் ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2014 ஆம் ஆண்டு மாதிரிகளைப் பற்றி விசாரணை தொடங்கிய பின்னர், ஜூன் மாதத்தில் அவ்வண்டிகளில் 5 இலட்சத்து 50 ஆயிரத்தையும் மீள அழைத்தார்கள். அதோடும் தீர்ந்ததா? 2025 மார்ச்சில் அதே நிர்வாகம் 2015 முதல் 2017 வரையான மாதிரிகளில், ஏறத்தாழ 13 இலட்சம் வண்டிகளைப் பற்றி இதே மாதிரியான முறைப்பாடுகளின் பேரில் விசாரணையைத் திறந்தது.

வண்டி வாங்கியவன் பணத்தைத் தவணை முறையிலே கட்டுகின்றான். கம்பெனி உண்மையைத் தவணை முறையிலே கட்டுகின்றது! ஒரு வித்தியாசம்: நாம் ஒரு தவணை தவறினால் லீசிங்காரன் வீட்டு வாசலில் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போகின்றான். அவர்கள் எட்டு ஆண்டுகள் இழுத்தடித்தாலும் கேட்பார் எவருமில்லை.

நாம் மிகைப்படுத்த விரும்பவில்லை. இந்தக் கோளாற்றால் பெருந்தொகையினர் மாண்டனர் என்று நாம் சொல்லவில்லை. 2024 இல் கம்பெனி காட்டிய கணக்கு ஒரு விபத்தும் 2 பேர் காயமும். இவ்வளவுதானே என்பார் சிலர். அது கம்பெனியின் காதுக்கு எட்டிய கணக்கு. வழுக்கி வேலியில் மோதிய வண்டியைக் கண்ட பொலிஸ்காரன், அரை நொடிக்கு அறுந்து மறுபடி ஒட்டிக்கொண்ட ஓர் உணரியின் செய்தியைத் தேடியா பார்ப்பான்? மிதமிஞ்சிய வேகம் என்று புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவான். செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்வதில்லை.

இங்கேதான் எமது முக்கியமான குற்றச்சாட்டு வருகின்றது. பொறியிலே கோளாறு நேரும்போதெல்லாம் முதற் பழி ஓட்டுபவன் தலையிலேதான் விழுகின்றது. இது இன்று நேற்று ஆரம்பித்த வழக்கமன்று. மென்பொருள் என்ற சொல்லை ஊரார் அறியாத காலத்திலேயே, 1966 முதல் 1980 வரை இதே கம்பெனி செய்த ஓட்டோ கியர் வண்டிகள், பார்க்கில் விட்டுவிட்டு இறங்கிய பின்னர் தாமாக றிவேர்ஸுக்கு நழுவி, இறங்கியவர்களையே நசுக்குகின்றன என்று முறைப்பாடுகள் குவிந்தன. ஏறத்தாழ 100 மரணங்களோடு இந்த நழுவல் தொடர்புபடுத்தப்பட்டது. 1980 இல் அரசாங்க நிர்வாகமே குற்றம் உண்டு என்று முதற்கட்ட முடிவும் செய்தது. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு சமரசம் ஏற்பட்டது. வண்டியை மீள அழைத்துத் திருத்தவில்லை. சுமார் 2 கோடியே 30 இலட்சம் சொந்தக்காரர்களுக்கு ஒட்டுச்சீட்டு அனுப்பினார்கள்! இறங்குமுன் பார்க்கில் சரியாக விழுந்திருக்கின்றதா பார், கைப்பிறேக்கைப் போடு, எஞ்சினை நிறுத்து என்ற புத்திமதியைத் தாங்கிய சீட்டு. அதை முன்தட்டிலே ஒட்டிக்கொள்ள வேண்டியது. வண்டி நழுவினால் ஒட்டியவன் பொறுப்பு. உலகத்துக் கண்துடைப்புக்களையெல்லாம் ஒரு காட்சிச்சாலையில் வைத்தால், இந்தச் சீட்டை வாசலிலேயே சட்டம் போட்டு மாட்டலாம்.

காலம் மாறிற்று, புத்திமதி மாறவில்லை. கிறைஸ்லர் கம்பெனியாரின் ஜீப் கிறாண்ட் செரோக்கி முதலிய வண்டிகளிலே 2012 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து புதிய கியர்த் தடி ஒன்றைப் புகுத்தினார்கள். எந்தக் கியருக்குத் தள்ளினாலும் விட்டவுடன் நடுவிலே வந்து நின்றுகொள்ளும் தடி. பழைய தடியைத் தொட்டுப் பார்த்தாலே எங்கே நிற்கின்றது என்று கை சொல்லும். புதியதில் கைக்கு ஒன்றும் தெரியாது. பார்க்கில் விட்டதாக எண்ணி இறங்கியவர்கள் மேல் வண்டி உருண்டு வந்தது. 2016 ஏப்ரலில் உலகமெங்கும் 11 இலட்சம் வண்டிகளுக்கு மீளழைப்பு விடுத்தபோது, 41 பேர் வரையில் காயமுற்றிருக்கலாம் என்று கம்பெனியே சொல்லிற்று. சொல்லிய அதே மூச்சில், வண்டிகளைப் பரிசோதித்தோம், பொறியிலே பழுது எதனையும் காணவில்லை, கதவைத் திறந்தால் எச்சரிக்கை மணியும் அடிக்கின்றது என்றும் சேர்த்துக்கொண்டது. பொருள் என்ன? பொறி சரி, மனிதன் பிழை!

மீளழைப்பு விடுத்த அன்று திருத்திய மென்பொருள் ஆயத்தமாக இருக்கவில்லை. நோயை அறிவித்தார்கள்; மருந்து பின்னால் வரும் என்றார்கள். இடையிலே 2016 ஜூன் 19 ஆம் நாள், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே அன்ரன் யெல்ச்சின் என்னும் 27 வயது நடிகர், தமது வீட்டுச் சரிவுப் பாதையிலே, தமது ஜீப் கிறாண்ட் செரோக்கி வண்டிக்கும் மதில் தூணுக்கும் இடையில் நசுங்கி மாண்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கியர் நியூட்றலில் இருந்தது என்று பொலிசார் தெரிவித்தனர். திருத்திய மென்பொருள் விற்பனையாளர் கைக்குப் போய்ச் சேரத் தொடங்கியது அதற்குப் பின்னரே. அந்தத் திருத்தம் செய்வதென்ன? கதவு திறந்து ஓட்டுபவன் இறங்கினால் வண்டி தானாகவே பார்க்குக்குப் போய்விடும். ஆக, மனிதன் பிழைவிடுவான் என்று தெரிந்து அவனைக் காப்பாற்றும் வழி பொறிக்குள்ளேயே இருந்தது. எழுதுவதற்குத்தான் ஆளில்லாமற் போயிற்று. யெல்ச்சினின் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2018 இல் அது சமரசத்தில் முடிந்தது. புகழ்பெற்ற நடிகர் ஆதலால் உலகம் அறிந்தது. பெயரில்லாதவன் மாண்டிருந்தால்?

அவுஸ்திரேலியாவிலே நடந்ததையும் சொல்லிவிடுகின்றோம், ஏனெனில் அங்கே ஒரு நீதிமன்றம் வாய்திறந்தது. ஃபியெஸ்ரா, ஃபோக்கஸ், எக்கோஸ்போர்ட் ஆகிய கார்களிலே ஃபோர்ட் கம்பெனி பொருத்திய இரட்டைக் கிளச் ஓட்டோ கியர் நடுங்கிற்று, உதறிற்று, நடுவழியில் வலுவிழந்தது. முறையிட்டு வந்தவர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை என்றார்கள். கைநிறையப் பணம் கொடுத்து வாங்கியவனைப் பார்த்து உனக்கு ஓட்டத் தெரியாது என்பது எத்தகைய துணிவு! திருப்பிப் பெற்ற கார்களிற் சிலவற்றை, வரலாற்றைச் சரியாகச் சொல்லாமல் வேறு ஆட்களுக்கு விற்றும் இருக்கின்றார்கள். 2018 ஏப்ரலில் அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம், மனச்சாட்சிக்கு ஒவ்வாத நடத்தை என்று கண்டு, 1 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. ஓட்டுபவன் தலையில் போட்ட பழி ஒருமுறையாவது போட்டவன் தலைக்கே திரும்பிற்று என்பதில் எமக்கு ஓர் அற்ப திருப்தி.

இத்தனையும் சொன்னதால், மீளழைப்பு என்பதே ஓர் அவமானம், வண்டியை மீள அழைத்த கம்பெனியெல்லாம் கெட்ட கம்பெனி என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அப்படி எண்ணுவது பேதைமை. மீளழைக்காதவனே பயப்பட வேண்டியவன். 2011 ஆகஸ்டில் ஹொண்டா கம்பெனி அமெரிக்காவிலே மட்டும் 15 இலட்சம் அக்கோர்ட், சீ.ஆர்.வி., எலிமென்ட் வண்டிகளை மீள அழைத்தது. சேற்றிலோ பனியிலோ புதைந்த வண்டியை வெளியே எடுக்க றிவேர்ஸ், நியூட்றல், டிறைவ் என்று மாறிமாறி விரைவாகத் தள்ளினால், கியர்ப் பெட்டிக்குள் ஒரு பெயரிங் சேதமுற்று எஞ்சின் நின்றுபோகலாம், பார்க்கில் விழுவதும் தடைப்படலாம் என்பது காரணம். மாரியிலே வயற்கரைப் பாதையில் புதைந்த வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுத்த எவருக்கும் இது புரியும். அந்தக் கோளாற்றால் எவரும் காயமுற்றதாகத் தகவல் இல்லாதபோதே அழைத்தார்கள். மனிதன் அப்படித் தள்ளக்கூடாது என்று ஒட்டுச்சீட்டு அனுப்பவில்லை. மனிதன் அப்படித்தான் தள்ளுவான் என்று ஒப்புக்கொண்டு மென்பொருளை மாற்றினார்கள். இதுவன்றோ முறை!

யப்பானிலும் இந்த முறை எளிதில் வந்துவிடவில்லை. மிட்சுபிசி மோட்டார் கம்பெனி இருபது ஆண்டுகளுக்கு மேலாக முறைப்பாடுகளை ஒளித்து வைத்திருந்தமை 2000 ஆம் ஆண்டிலே அம்பலமாகி நாடே நாணிற்று. அந்தச் சூடு பட்ட நாடு அது. ஆகவேதான் 2013 செப்ரெம்பரில் விற்பனைக்கு வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் கார், ஓர் ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள் ஐந்து முறை மீளழைக்கப்பட்டபோது, அது கம்பெனித் தலைவரின் சம்பளத்திலேயே கைவைத்தது. 2014 பெப்ரவரியில், 7 கியர் இரட்டைக் கிளச் பொறியின் மென்பொருட் கோளாற்றால் வண்டி புறப்படத் தாமதிக்கலாம் அல்லது ஓடாமலே நிற்கலாம் என்று, ஃபிட், வெசல் ஹைபிரிட் வண்டிகளில் 81 ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை அழைத்தார்கள். அதே ஜூலையில், வண்டி எதிர்பாராமல் வேகமெடுக்கக்கூடும் என்று எஞ்சின் மென்பொருளைத் திருத்த 1 இலட்சத்து 75 ஆயிரம். ஒக்டோபரில் வேறு குறைகளுக்காக 4 இலட்சத்து 25 ஆயிரத்துக்கு மேல். அம்மாதமே தலைவர் தக்கனோபு இத்தோ மூன்று மாதங்களுக்குத் தமது சம்பளத்தில் 20 வீதத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். ஏனைய மேலதிகாரிகளும் ஒரு பங்கை விட்டனர். நம் நாட்டிலே பாலம் இடிந்தாலும் அதிகாரியின் படி கூடுமேயன்றிக் குறையாது. அது வேறு கதை.

ஃபிட், வெசல் என்ற பெயர்களைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காரும் வாசகர் பலர் இருப்பர் என்பதை அறிவோம். வைத்தியர், ஆசிரியர், பொறியியலாளர், வங்கி உத்தியோகத்தர், வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசிலே ஒரு கார் வாங்கிய கமக்காரர் என்று எத்தனை பேர் முற்றத்தில் இவ்வண்டிகள் நிற்கின்றன! யப்பானிலே ஓடி, ஏலத்திலே கைமாறி, கப்பலேறி வந்தவை பல. 2020 மார்ச்சில் இறக்குமதிக்குத் தடை விழுந்து, 2025 தொடக்கத்தில் அது நீங்கும் வரைக்கும், இருந்த பழைய வண்டிகளே கை மாறிக் கை மாறி விலையேறி ஓடின. இன்று ஒரு வண்டிக்கு நாலாவது சொந்தக்காரர், ஐந்தாவது சொந்தக்காரர் என்பது சாதாரணம்.

இப்போது வாசகர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். 2014 இல் ஹொண்டா கம்பெனி எழுதிய மீளழைப்புக் கடிதம் எவருக்குப் போயிற்று? யப்பானிலே அவ்வண்டியின் பெயர்ப்பதிவு எவர் பெயரில் இருந்ததோ அவருக்குப் போயிற்று. அவர் திருத்தியிருக்கலாம், திருத்தாமல் விற்றுமிருக்கலாம். கொடிகாமத்திலோ பரந்தனிலோ அவ்வண்டியை இன்று ஓட்டுபவருக்கு எந்தத் தபாற்காரன் அக்கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பான்? வந்த வண்டியெல்லாம் திருத்தப்படாத வண்டி என்று நாம் பீதி கிளப்பவில்லை. எது திருத்தியது, எது திருத்தாதது என்பது வாங்குபவனுக்குத் தெரியாது, விற்பவன் சொல்வதில்லை, அரசாங்கம் கேட்பதில்லை. இதுவே எமது குற்றச்சாட்டு.

தேடிப் பார்க்கலாமே என்பார்கள். தேடிப் பாருங்கள்! அமெரிக்க அரசாங்கத்தின் பட்டியலில் தேட 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட வண்டி எண் வேண்டும். யப்பானுக்கென்றே செய்த வண்டிக்கு அது கிடையாது. ஜீ.பி.5 என்பது போலத் தொடங்கி 7 இலக்கங்களில் முடியும் அடிச்சட்ட இலக்கமே உண்டு. அதைத் தேட யப்பானியக் கம்பெனியின் யப்பானிய மொழிப் பக்கத்துக்குப் போகவேண்டும். வண்டிக்குள்ளே கியர்ப் பெட்டி சூடேறினால் எச்சரிக்கை மின்னுவதும் அதே எழுத்திலேதான். படங்காட்டும் பெட்டி என்று பிள்ளைகள் கைதட்டுகின்றார்கள். அப்பன் அது என்ன சொல்கின்றது என்று தெரியாமல் கடுகண்ணாவை ஏற்றத்திலே வண்டியை மிதித்துக்கொண்டிருக்கின்றான்.

முறையிட்டால் கிடைக்கும் பதிலையும் நாம் அறிவோம். இறக்குமதி செய்தவரைக் கேட்டால், செய்தது நாங்களா, கம்பெனியைக் கேளுங்கள் என்பார். உள்ளூர் முகவரைக் கேட்டால், இது எங்கள் வழியாக வந்த வண்டியன்று, கொண்டுவந்தவரைக் கேளுங்கள் என்பார். ஒருவர் தலையைக் காட்ட மற்றவர் வாலைக் காட்ட, நடுவிலே வாங்கியவன் நிற்கின்றான். ஈற்றில் கராஜிலே கியர்ப் பெட்டியைக் கழற்றி இலட்சக்கணக்கில் செலவு செய்கின்றான். அதில் ஒரு பங்கு, கணினியைத் தொடுத்து மென்பொருளை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய வேலை; யப்பானிலே இலவசமாகச் செய்து கொடுத்த வேலை.

அரசாங்கத்துக்கு வழியில்லையா? வருஷந்தோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகின்றோம். காப்புறுதிச் சீட்டு எங்கே என்கின்றார்கள், காட்டுகின்றோம். புகைச் சான்றிதழ் எங்கே என்கின்றார்கள். காசு கட்டி எடுத்த சான்றிதழை நீட்டுகின்றோம். வண்டி பின்பக்கத்தால் விடுகின்ற புகையில் இத்தனை அக்கறை காட்டும் அரசாங்கம், அது முன்பக்கத்தால் ஒருவன்மேல் ஏறுமா என்பதைக் கேட்பதில்லை. யப்பான் என்ன செய்தது? தக்காட்டா கம்பெனியின் வெடிக்கும் காற்றுப்பைகளை மாற்றாத வண்டிகள் அபாயமானவை என்று கண்டு, 2018 மே மாதம் முதல் அவற்றுக்குப் பரிசோதனைச் சான்று வழங்க மறுத்தது. சான்றில்லாத வண்டி அங்கே தெருவில் ஓட முடியாது. சொந்தக்காரர் முணுமுணுத்தார்கள், பிறகு மாற்றினார்கள். காற்றுப்பைக்குச் செய்ததைக் கியர்ப் பெட்டிக்குச் செய்ய முடியாதென்று எந்தச் சாத்திரம் சொல்கின்றது?

இங்கே சட்டமில்லை என்று சொல்லவும் இடமில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கின்றது. பாவனையாளரின் உயிருக்கும் உடைமைக்கும் கேடானவற்றினின்று அவரைக் காப்பதை அது அதிகாரசபையின் நோக்கங்களுள் ஒன்றாக வைத்திருக்கின்றது. வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. அரிசி விலைக்கும் தேங்காய் விலைக்கும் கடை கடையாய் ஏறி இறங்கும் அதிகாரிகள், வாகன விற்பனை நிலையத்து வாசற்படியையும் ஒருநாள் மிதித்துப் பார்க்கட்டுமே. பயன்படுத்திய வண்டியைக் கப்பலேற்றுமுன் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்ற விதியும் ஏற்கெனவே இருக்கின்றது. அந்தச் சான்றிதழிலே, இவ்வண்டிக்கு விடுத்த மீளழைப்புக்கள் யாவும் தீர்க்கப்பட்டன என்று ஒரு வரி சேர்க்க எத்தனை ரூபா செலவாகும்? யப்பானில் அது ஓர் அடிச்சட்ட இலக்கத்தைத் தட்டிப் பார்க்கும் வேலை. தீர்க்கப்படாவிட்டால் அங்கேயே, இலவசமாகவே, தீர்த்துக்கொண்டு ஏற்றலாம். கடல் கடந்து வந்த பின்னர்தான் அது காசுக்காரியமாகின்றது.

இதனால் வண்டி விலை ஏறும் என்று வியாபாரிகள் கூக்குரலிடக்கூடும். ஏற்கெனவே ஏறிய விலையிலே எந்தப் பங்கு உண்மைக்காக ஏறியது என்று அவர்கள் முதலில் சொல்லட்டும். எமது பக்கங்களுக்கு மோட்டார் விளம்பரம் வராமற் போனாலும் போகட்டும். இதை எழுதாமல் விடுவதற்கில்லை.

அரசாங்கம் அசையும் வரை வாசகர் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. பதிவுச் சான்றிதழை எடுத்து அடிச்சட்ட இலக்கத்தை ஒரு தாளிலே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிலே படித்த பிள்ளை இருந்தால், வண்டி செய்த கம்பெனியின் யப்பானியப் பக்கத்தை மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு திறந்து அந்த இலக்கத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தீராத மீளழைப்பு ஏதும் உண்டென்று வந்தால், அதைப் படியெடுத்து உள்ளூர் முகவருக்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் பதிவுத் தபாலிலே அனுப்புங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள். பழைய வண்டி வாங்கப் போகின்றவர் முற்பணம் கொடுக்குமுன் இதைச் செய்யட்டும். மைல் கணக்கைத் திருத்தியிருக்கின்றானா என்று பார்க்கின்றோம், ரயரைத் தட்டிப் பார்க்கின்றோம், கதவைத் திறந்து மூடிப் பார்க்கின்றோம்; இதையும் பார்ப்போம். வண்டி ஓடுகையில் தானாகக் கியர் விழுந்தாலோ, புறப்படத் தயங்கினாலோ, பார்க்கில் விட்டபின் அசைந்தாலோ, நாளும் நேரமும் இடமும் குறித்து வையுங்கள். இனி எவனாவது, ஓட்டத் தெரியாமல் ஓட்டினாய் என்று உங்களிடம் சொன்னால், அந்தக் குறிப்பை அவன் முன்னே வையுங்கள்.

மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் இதற்குப் பதில் அனுப்புவாராயின், அதனை ஓர் எழுத்துங் குறையாமல் இதே பக்கத்தில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கின்றோம்.